உடற்பயிற்சி இல்லாததே முதுகுவலிக்குக் காரணம் என்று எழுதித் தர வேண்டுமா?

கேள்வி: மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணியில், உதவிக்கு ஆள் இல்லாமல், நினைவிழந்த நோயாளி ஒருவரைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைத்தபோது இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. முதுகுத்தண்டு வட்டு விலகியிருப்பதாக ஸ்கேனில் தெரியவந்தது. இழப்பீடு கேட்டதற்கு, 'உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாததால் வந்த வலி' என்று எழுதப்பட்ட கடிதத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். பணி முடிந்த பிறகு உடற்பயிற்சி வகுப்புக்கு வருவதும் கட்டாயமாம். நான் என்ன செய்வது?

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். பிற்பாடு எந்த மன்றத்துக்குப் போனாலும், உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படும் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். மறுப்பதை வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், வலி தொடங்கிய நாள், நேரம், படுக்கை எண், அப்போது பணியில் இருந்தவர்கள் ஆகிய விவரங்களுடன் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

எந்த நாட்டில் பணியாற்றுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடாததால், பொதுவான அடிப்படைகளைச் சொல்கிறேன். உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய எடையைச் சுமக்கும்படி எந்தத் தொழிலாளியையும் பணிக்கக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டு உடன்படிக்கை. நோயாளியைக் கையாள்வதில் ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒருவர் மீது விழுமானால் தூக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கீட்டிலிருந்து வந்த, பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அசைய முடியாத ஒரு பெரியவரைத் தனியாகப் புரட்டும்போது இந்த வரம்பு எளிதில் மீறப்பட்டுவிடும் என்பதால், அன்றிரவு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், தூக்கும் கருவி இருந்ததா, அது இயங்கும் நிலையில் இருந்ததா என்பவையே உங்கள் வழக்கின் உயிர்நாடி. பணிப்பட்டியலின் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். நாளானால் அது கிடைப்பது அரிது.

உடற்பயிற்சி செய்யவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், அதனால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. உடலில் ஏற்கெனவே பலவீனம் இருந்தாலும், பணி அதைத் தூண்டியிருந்தால் அல்லது மோசமாக்கியிருந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு எழும் என்பது பல நாடுகளின் சட்டங்கள் ஏற்றுக்கொண்ட நெறி. ஆகவே, சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் வலியைப் பற்றி மட்டும் சொல்லாமல், ஒரு பணிமுறையில் எத்தனை முறை நோயாளிகளைத் தூக்குகிறீர்கள், திருப்புகிறீர்கள் என்பதையும் சொல்லி, அது மருத்துவக் குறிப்பில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் வலுவிழக்கும் கோரிக்கைகள் ஏராளம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. இழப்பீடு கோருவதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், உள்ளூர் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரை உடனே அணுகுங்கள்.

இனி வகுப்பு பற்றி. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது நல்ல அறிவுரைதான். ஆனால் அது நிர்வாகத்தின் பாதுகாப்புக் கடமைக்கு மாற்றாகாது. விலகிய வட்டுடன் எந்தப் பயிற்சி செய்யலாம் என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவருடைய சான்று வரும்வரை வகுப்பிலிருந்து விலக்குக் கோரி எழுதுங்கள். வருகை கட்டாயம் என்றால் அந்த நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்படுமா, வகுப்பில் காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது என்று அதே கடிதத்தில் கேளுங்கள். தொழில்சார் பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கான செலவு தொழிலாளி மீது விழக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுவதால், வகுப்புக்குக் கட்டணம் கேட்டால் அதையும் எழுத்திலேயே மறுத்துவிடுங்கள்.