காலைச் செய்தியும் காய்ச்சல் மாத்திரையும்

கேள்வி: கர்ப்பிணிகள் பாரசிட்டமால் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று காலைச் செய்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் கிடந்தும் மாத்திரையைத் தொடவில்லை. செய்தி முடிந்ததும் அதே சேனலில் ஒரு வைத்தியர் காட்டிய சூரணத்தை வரவழைக்கலாம் என்கிறார் சம்பந்தியம்மா. மருந்தின் ஆபத்தை டிவி எடுத்துச் சொல்வது நல்லதுதானே? நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மகளின் காய்ச்சல் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை என்றால் இதழை மூடிவைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று சேனல் சொல்லியிருக்காது. நான் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலனால் சாப்பிட வேண்டாம், காய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பேசினார். டைலனால் என்பது அங்கே விற்கும் பாரசிட்டமால். நம் ஊர் குரோசினும் டோலோவும் அதே சரக்கு. அதே நாளில் அவருடைய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டது. இந்த மருந்துதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை, மாறான ஆய்வுகளும் இருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு நாள் கழித்து உலக சுகாதார நிறுவனமும் உறுதியான சான்று இல்லை என்றது. அதிபரின் பேச்சு நம் வீட்டுக் கூடம்வரை வந்துவிட்டது, கடிதம் வரவில்லை. கடிதத்துக்கு முகம் கிடையாது, பின்னணி இசை போட்டுக் காட்டவும் முடியாது.

ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2024இல் வெளிவந்தது. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகப் பார்த்தபோது, பாரசிட்டமால் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டு மறு கர்ப்பத்தில் சாப்பிடாமல் இருந்த குடும்பங்களில், உடன்பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதற்கான நோயும் இருக்கிறது. குடும்பவழி வருவதும் இருக்கிறது. பழியை மாத்திரை அட்டையின் மேல் போடுவது எளிது, அவ்வளவுதான். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் வரும் கடும் காய்ச்சல் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவதைப் பாதிக்கக்கூடும் என்பது மருத்துவர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. 'பொறுத்துக்கொள்' என்ற உபதேசத்திலும் ஆபத்து உண்டு. மருத்துவர் சொன்ன அளவில், தேவைப்பட்ட நாள்களுக்கு மட்டும் பாரசிட்டமால் என்பதுதான் உலகெங்கும் மகப்பேறு மருத்துவர்கள் இன்றும் தரும் ஆலோசனை.

டிவி எச்சரிப்பது நல்லதுதானே என்கிறீர்கள். எச்சரிக்கிற விதத்தில்தான் இருக்கிறது நன்மையும் தீமையும். பிரிட்டனில் 1995 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. மருத்துவர்களுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேருமுன் செய்தி தொலைக்காட்சியில் ஏறிவிட்டது. இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு? பழைய வகை மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புது வகையில் இருவருக்கு. இதைச் சொல்ல ஒரு வரி போதும், ஆனால் அந்த வரியைச் சொன்னால் செய்தியில் காரம் இருக்காது. பெண்கள் கூட்டம் கூட்டமாக மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையில் இருப்பதைவிடக் கர்ப்பத்தில் அதிகம் என்பது அந்தப் பரபரப்பில் அமுங்கிப்போனது.

ஊடகம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். மேற்கு ஜெர்மனியில் 1957 அக்டோபரில் ஒரு தூக்க மாத்திரை சந்தைக்கு வந்தது. தாலிடோமைடு என்பது மருந்தின் பெயர். மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. துளியும் தீங்கற்றது என்ற விளம்பரத்தை நம்பி, மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபட்டுப் பிறந்தன. விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1961 நவம்பரில் நிறுவனத்திடம் நேரிலேயே முறையிட்டும் அது இழுத்தடித்தது. ஒரு ஞாயிறு செய்தித்தாள் விஷயத்தை வெளியிட்ட பிறகே மருந்து கடைகளிலிருந்து அகன்றது. அங்கே பத்திரிகை செய்தது அதன் வேலை: குழந்தைகளை நேரில் பார்த்த, தாய்மாரிடம் விசாரித்த ஒருவரின் வார்த்தையை ஊருக்குச் சொன்னது. அமெரிக்காவில் அந்த மருந்து கடைக்கு வராமல் தடுத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்ற அரசு அதிகாரி. நிறுவனம் எவ்வளவு நெருக்கியும், உங்கள் சான்று போதாது என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். காலைச் செய்தியில் காட்ட அதில் ஒன்றுமே இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பாரசிட்டமாலுக்குப் பயந்த மகள், உடம்பு வலி தாங்காமல் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினால் என்ன வரும்? அநேகமாக டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் இவற்றில் ஒன்று. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று 2020லேயே எச்சரிக்கை வந்தது. கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தோடு சேர்ந்த ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் கூடும். உங்கள் மகள் சரியாக அந்த 20 வார எல்லையில் நிற்கிறார். கிருமித் தொற்றுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் குழந்தையின் பல்லைக் கறையாக்கக்கூடும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மூளை, இதயம், காது என்று உருவாகும்போதே சிதைக்கக்கூடும். வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சியில் சிக்கல் வருகிறது. இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு திரும்ப வந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்ற வேண்டிய மருந்து அது.

இந்த மருந்துகளெல்லாம் மருத்துவர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டியவை என்கிறது சட்டம். எத்தனை கடைகள் சீட்டு கேட்கின்றன? ஒரு நிருபர் நான்கு கடைகள் ஏறி இறங்கினால் ஒரு வாரத்துக்குக் காலைச் செய்தி கிடைக்கும். ஏறுவதில்லை. வாஷிங்டன் காணொளி இலவசமாகக் கிடைக்கிறது அல்லவா?

கடைசியாகச் சூரணம். செய்திக்குப் பின் வந்தாரே வைத்தியர், அந்த அரைமணியைச் சேனலிடமிருந்து விலைக்கு வாங்கியிருப்பார்கள். இது விளம்பர நிகழ்ச்சி என்று மூலையில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். நியூயார்க் நகரில் 2011, 2012இல் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. விசாரித்ததில், அவர்கள் சாப்பிட்டவை இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள். ஆறு பேரில் ஐந்து பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். தாயின் ரத்தத்தில் ஏறிய ஈயம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும், தாக்குவது மூளையை. எந்த மருந்து குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று அரைமணிக்கு முன் மூச்சுவிடாமல் பேசிய சேனலுக்கு இது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று கேட்டால், நிலையத்தின் விளம்பரப் பிரிவுக்கு வருத்தம் வரும்.

பாரம்பரிய மருத்துவத்தையே நான் பழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, எத்தனையாவது மாதம் என்று கேட்டு, மகப்பேறு மருத்துவருக்கும் தெரியும்படி தருவது வேறு. திரையில் தோன்றி, கேட்கிற எல்லோருக்கும் ஒரே டப்பாவைக் கூரியரில் அனுப்புவது வேறு.

மகள் ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டு ஒவ்வாமல் போயிருந்தால், மருத்துவரிடம் காட்டிய பின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. மருத்துவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களே பேசலாம். எந்தச் சேனலிலும் இந்த எண் ஓடி நான் பார்த்ததில்லை.

சம்பந்தியம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் தயாரித்தது, உரிம எண் என்ன என்று மூன்றையும் எழுதி வாங்கி மகளின் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். வாங்கவிடாமல் தடுத்தது இந்த ஆசிரியர்தான் என்று தாராளமாகக் கைகாட்டுங்கள். சம்பந்தி வீட்டுக் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.