வீடியோவைத் திறக்காமலேயே போன் ஹேக் ஆகுமா?

தெரியாத எண்ணிலிருந்து வந்த வீடியோவைத் தொடவே இல்லை, அப்படியும் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்துதான். நீங்கள் தொடாவிட்டால் என்ன, போன் தொட்டுவிடுமே! முன்னோட்டப் படம் காட்டவும், எத்தனை நிமிடம் ஓடும் என்று பார்க்கவும் அது கோப்பைப் பிரித்துப் படித்தாக வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் பகுதிக்கு ஸ்டேஜ்ஃப்ரைட் என்று பெயர். 2015 ஜூலையில் வெளியே வந்த அதன் ஓட்டைகள் இந்த ரகம். பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஷுவா டிரேக் கண்டுபிடித்தவை, ஆண்ட்ராய்டு 2.2 முதல் 5.1 வரை பாதிப்பு. எம்எம்எஸ்ஸில் (படம், வீடியோ அனுப்பும் மெசேஜ்) வந்த வீடியோவை அப்போதிருந்த கூகுளின் ஹேங்அவுட்ஸ் செயலி தானாகவே இறக்கிப் பிரித்துவிடும் என்பதால், தாக்குபவருக்கு உங்கள் போன் நம்பர் மட்டும் போதுமாக இருந்தது.

அதில் ஒன்று சப்டைட்டில் படிக்கும் இடத்தில் இருந்தது. எம்பி4 கோப்பு என்பது பெட்டி பெட்டியாக அடுக்கியது. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் அதன் அளவு எழுதியிருக்கும், எழுதியது யார் என்றால் கோப்பைச் செய்தவர். ஏற்கெனவே 100 பைட் சப்டைட்டில் கையில் இருக்கிறது, அடுத்த பெட்டி தன் அளவு 4,29,49,67,206 என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பிட் எண்ணில் 4,29,49,67,295 வரைதான் அடங்கும், அதைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் இரண்டையும் கூட்டினால் எண் நிரம்பி வழிந்து மிஞ்சுவது 10. நிரல் 10 பைட்டுக்கு இடம் வாங்கிவிட்டு, பழைய 100 பைட்டையும் அதற்குள் கொட்டும். மீதி 90 பைட் பக்கத்தில் இருக்கும் மெமரியை மிதித்துக்கொண்டு போகும். அங்கே என்ன இருக்க வேண்டும், அதன்மேல் என்ன எழுத வேண்டும் என்று திட்டமிடுவதுதான் தாக்குபவரின் வேலை. (நான் ஒருமுறை எழுதிய எம்பி4 பார்சர், அதாவது கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல், கோப்பின் பைட்டுகளை நேரடியாக மாற்றும் ஹெக்ஸ் எடிட்டரில் நாலே நாலு பைட்டை எஃப்எஃப் (ஒரு பைட்டின் உச்ச மதிப்பு) ஆக்கியதும் படுத்துவிட்டது. அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.)

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். இந்தக் கூட்டலுக்குப் போட்ட முதல் திருத்தமே தவறு! 32 பிட்டின் உச்ச எண்ணிலிருந்து பெட்டியின் அளவைக் கழித்து, மிச்சத்தில் பழைய சப்டைட்டில் அடங்குமா என்று பார்த்தார்கள், சரி, ஆனால் அந்த அளவு 64 பிட்டில் வரலாம் என்பதை விட்டுவிட்டார்கள். உச்சத்தைவிடப் பெரிய அளவைக் கொடுத்தால் கழித்தல் கீழே போய்ச் சுற்றிக்கொண்டு பிரம்மாண்டமான எண்ணாகிவிடும், சோதனையும் தாராளமாக வழிவிடும். அப்புறம் இன்னொரு திருத்தம் வந்தது.

கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட ஆரம்பித்ததும் அந்த ஆகஸ்டில்தான். ஆண்ட்ராய்டு 7-இல் மீடியா வேலைகளைத் தனித்தனி புராசஸ்களாக (தனியே ஓடும் நிரல்களாக) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த அனுமதியே கொடுத்தார்கள்.

உங்கள் போனில் செட்டிங்ஸுக்குள் பாதுகாப்புத் திருத்தத் தேதி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ரொம்பப் பழையது, புதிதாக எதுவும் வருவதும் இல்லை என்றால் எம்எம்எஸ் தானாக இறங்குவதை அணைத்து வையுங்கள். ஒரு வாசல் மட்டும்தான் அடைபடும், ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டைகள் இருந்த பழைய போன்களில் பிரவுசரில் வந்த வீடியோவையும் அதே பார்சர்தான் படித்தது.