‘நீங்கு’ என்ற வினை ‘போ’ ஆனது எப்படி?

கேள்வி: சீன மொழி கற்று வருகிறேன். ‘ச்யூ பெய்ஜிங்’ என்றால் பெய்ஜிங்குக்குப் போவது. ஆனால் பழைய நூல்களில் அதே ‘ச்யூ’ ஓர் இடத்தை விட்டு நீங்குவதைக் குறிக்கும் என்கிறார் ஆசிரியர். ஒரு வினை இப்படி நேர்மாறாகுமா?

பதில்: ஆகும். பழஞ்சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸின் பெயரிலுள்ள நூலில் அவர் ச்சி நாட்டை ‘ச்யூ’ செய்தார் என வந்தால், அந்நாட்டை விட்டு நீங்கினார் என்றே பொருள். (ஒலிகளை இன்றைய மாண்டரின் உச்சரிப்பில் தருகிறேன், அக்காலத்தில் அவை வேறாக ஒலித்தன.) நீங்கும் இடத்தைச் சொல்லாமல் ‘நீங்கினான்’ என்று மட்டும் சொல்லும்போது அது ‘போனான்’ என்பதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது, அந்தப் பொருள் நிலைத்த பின், சேரும் இடம் அதற்குச் செயப்படுபொருளாயிற்று. ‘ட்சோ’ என்ற வினையும் இப்படித்தான்: இன்று அது நடத்தல், அன்று ஓடுதல். கவசத்தை எறிந்துவிட்டு ஐம்பது காலடி ஓடி நின்ற வீரர்கள், நூறு காலடி ஓடியவர்களைப் பார்த்துச் சிரித்ததாக மென்சியஸ் லியாங் மன்னனுக்குச் சொல்லும் உவமையில் இச்சொல்லை ‘நடந்து’ என்று படித்தால் உவமையே கெட்டுவிடும்.

ஆனால் சொற்பொருளைவிட வாக்கிய அமைப்பில் நேர்ந்த மாற்றமே பெரிது என்பேன். கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் அவருடைய மகன் ‘விரைந்து முற்றத்தைக் கடந்தான்’ என ஓரிடம் வருகிறது. மூலத்தில் ‘விரைதல்’, இணைக்கும் இடைச்சொல், ‘குவோ’ (கட), முற்றம் என்பதே வரிசை. நம் வினையெச்சத்தைப் போலவே விரைதல் துணையாக நிற்க, கடத்தலே தலைமை வினை. இன்றைய சீனத்தில் ‘ட்சோ குவோ’ (நட + கட) என்பார்கள். இடைச்சொல் மறைந்துவிட்டது; நடத்தல் தலைமை பெற, கடத்தல் அதன் பின்னொட்டைப் போலச் சுருங்கிவிட்டது. ஹான் அரசமரபின் காலத்துக்குப் பின் மெல்லப் பரவிய இந்த அமைப்பு தாங் அரசமரபின் காலத்தில் (618–907) நன்கு வேரூன்றியது.

சுருங்கியதற்குச் சான்று காதிலேயே கிடைக்கும்: ‘பாவ் ஜின் லாய்’ (ஓடி உள்ளே வா) என்னும்போது இறுதியிலுள்ள ‘லாய்’ தன் தொனியை (சொல்லுக்குரிய குரல் ஏற்ற இறக்கத்தை) இழந்து மெலிந்து ஒலிக்கிறது. இயக்கத்தின் பாதையை (உள்ளே, வெளியே, கடந்து என்பன போன்றவற்றை) தலைமை வினையிலேயே சொல்லும் மொழிகள், துணைச்சொல்லில் சொல்லும் மொழிகள் என்று மொழியியலாளர் லெனார்ட் டால்மி வகுத்த இரண்டில், சீனம் முதல் வகையிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். ஆயினும் ‘ஜின்’ (நுழை), ‘குவோ’ போன்றவை இன்றும் தனித்து நின்று முழு வினையாக இயங்குவதால், நகர்வு முற்றுப்பெற்றது என்று சொல்ல நான் தயங்குவேன்.