நிரையைச் சரிசெய்தால் நிரல் தவறுகிறதே?

கேள்வி: திருமங்கலம், மேலூர் ஆகிய ஊர்களிலிருந்து பெரியார், மாட்டுத்தாவணி நிலையங்களுக்கு வருவோரின் பழைய கணக்கெடுப்பை (ஊருக்கொரு நிரை, நிலையத்துக்கொரு நிரல்: முதல் நிரை 40, 20; இரண்டாம் நிரை 10, 30) நிரைகளையும் நிரல்களையும் மாறி மாறி விகிதப்படி பெருக்கிச் சரிசெய்யும் முறையில் இன்றைய கூடுதல்களுக்குப் பொருத்துகிறேன். நிரைக் கூடுதல்கள் 90, 60; நிரல் கூடுதல்கள் 77, 88. எக்செல்லில் ஐம்பது சுற்று ஓட்டிவிட்டேன். நிரல்களைச் சரிசெய்த மறுகணமே நிரைகள் 99, 66 என்று வந்து நிற்கின்றன. வாய்பாட்டில் பிழையா?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: வாய்பாட்டில் பிழை இல்லை. 90, 60 சேர்ந்தால் 150. 77, 88 சேர்ந்தால் 165. ஒரே அட்டவணையைக் குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் ஒரே தொகைதான் வர வேண்டும் என்பதால், இந்த நான்கு எண்களுக்கும் ஒருங்கே பொருந்தும் அட்டவணையே கிடையாது. இரு நிரைகளும் ஒரே அளவாக, சரியாக 10 விழுக்காடு மிகுவதுதான் இந்தக் கோளாறின் அடையாளம். இன்னும் ஆயிரம் சுற்று ஓட்டினாலும் அது குறையாது.

நிரைக் கணக்கை நடத்துநரின் டிக்கெட் கருவியிலிருந்தும், நிரல் கணக்கை நிலைய வாசலில் தலை எண்ணியும் எடுத்திருந்தால், வேறு ஊர்ப் பேருந்துகளில் வந்து இறங்கியவர்களும் பின்னதில் கலந்திருப்பார்கள். அப்படியானால் டிக்கெட் கணக்கையே நம்பி, நிரல்களை 1.1 ஆல் வகுத்து 70, 80 எனக் கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் இரு நிலையங்களிலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறார்கள் என்பது இதில் அடங்கிய அனுமானம். அதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

இனிக் கணக்கு விரைவாக முடியும். முதலில் இரு நிரைகளையும் 1.5 ஆல் பெருக்கினால் 60, 30, 15, 45. நிரல்கள் 75, 75 என வருவதால் அவற்றை 70, 80 க்குச் சுருக்கியும் விரித்தும் சரிசெய்ய, 56, 32, 14, 48 கிடைக்கும். நிரைகள் இப்போது 88, 62. ஒரே சுற்றில் இவ்வளவு நெருங்கிவிட்டது. மேலும் சில சுற்றுகளில் 56.7, 33.3, 13.3, 46.7 என்று நிலைபெறும். பழைய அட்டவணையில் 40×30 ஐ 20×10 ஆல் வகுத்தால் வரும் 6, எந்தச் சுற்றிலும் மாறாது. ஆகவே அந்த விகிதத்தைச் சோதித்தால் வாய்பாடு சரிதானா என்று உடனே தெரிந்துவிடும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக புள்ளியியலாளர்கள் டெமிங்கும் ஸ்டீபனும் 1940இல் இம்முறையை முன்வைத்தார்கள்.

பெரிய அட்டவணைக்குப் போகும்போது சுழியங்களைக் கவனியுங்கள். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியமே. அந்த வழியில் பேருந்தே இல்லையென்றால் அப்படியே விடலாம்; கணக்கெடுத்த நாளில் ஆள் அகப்படாததால் வந்த சுழியமென்றால், 0.5 போன்ற சிறு எண்ணை இட்டுத் தொடங்குங்கள்.