ஆயில் மாற்றிய நான்காம் நாள் சீஸ் ஆன (இறுகி நின்றுபோன) இன்ஜின்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: என்னுடைய 2012-ஆம் ஆண்டு டீசல் கார் 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஈரோட்டில் ஒரு தனியார் ஒர்க்ஷாப்பில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 4,850 ரூபாய் கட்டினேன். நான்காம் நாள் சங்ககிரியைத் தாண்டும்போது ஆயில் விளக்கு எரிந்தது. இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்டது. ஓரங்கட்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அடிப்பக்கம் முழுக்க ஆயில். அதே ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வந்தால், "ரிங் தேய்ந்து ஆயில் குடித்திருக்கிறது, நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க 1,60,000 ரூபாய் ஆகுமாம். வேறிடம் கொண்டு போவதானால் நிறுத்தக் கட்டணம் கட்ட வேண்டுமாம். பழைய கார் என்பதால் எனக்குச் சட்டத்தில் இடமில்லையா?

பதில்: இடமிருக்கிறது. ஆனால் சட்டத்தைப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். "பிரித்துப் பார்த்துச் சொல்கிறோம்" என்று அவர்கள் கேட்கும் சம்மதத்தைத் தராதீர்கள்; எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எதையும் கழற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது என்று இன்றே பதிவுத் தபாலிலும் வாட்ஸ்ஆப்பிலும் தெரிவியுங்கள். உங்கள் வழக்கின் உயிர், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடிப்பக்க டிரெயின் போல்ட்டிலும் ஃபில்டர் பொருந்தியிருக்கும் இடத்திலும்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். கட்டணம் பெற்றுச் செய்யும் பணியில் இருக்க வேண்டிய தரமும் கவனமும் குறைந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) அதைச் சேவைக் குறைபாடு என்கிறது. ஆனால் அந்தக் குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்பதை எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. "ஆயில் மாற்றினேன், பிறகு இன்ஜின் போய்விட்டது" என்பது மட்டும் போதாது. மாற்றிய விதத்தால்தான் போனது என்று காட்ட வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே அதற்கான வலுவான தடயம் இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் ஆயில் உள்ளே எரிந்து, நீலம் கலந்த புகையாகச் சைலன்சர் வழியே போகும், அடிப்பக்கத்தை நனைக்காது. அந்தக் குறைவும் மெதுவாகத்தான் நிகழும். அளவுக்கோடு வரை ஊற்றிய ஆயிலை நான்கே நாளில் காலி செய்வது அதன் இயல்பன்று. டிரெயின் போல்ட் முறுக்கப்படாமல் விடப்பட்டாலோ, அதன் வாஷர் மாற்றப்படாமல் இருந்தாலோ, திருகிப் பொருத்தும் வகை ஃபில்டரில் பழைய ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதைப் பொருத்தியிருந்தாலோ, ஆயில் வெளியேதான் கொட்டும். ஆயில் அழுத்தம் விழுந்தபின், இன்ஜினின் சுழல் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகள் உருகிப் பிடித்துக்கொள்ள வெகுநேரம் ஆகாது.

ஆகவே, ஒர்க்ஷாப்போடு தொடர்பில்லாத ஓர் ஆட்டோமொபைல் பொறியாளரையோ, உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரையோ (வாகனச் சேத மதிப்பீட்டாளர்) அழைத்து, ஒர்க்ஷாப்புக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, இரு தரப்பும் இருக்கும்போது பரிசோதனை நடக்கட்டும். வண்டியைத் தூக்கியதும் போல்ட், ஃபில்டர், ஆயில் வழிந்த தடம் எல்லாவற்றையும் தொடுவதற்கு முன்பே வீடியோ எடுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் ஆயிலை வடித்து அளந்து, பில்லில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கோடு ஒப்பிட வேண்டும். அதில் சிறிதைச் சுத்தமான பாட்டிலில் முத்திரையிட்டு வையுங்கள். ஆய்வகத்தில் உலோகத் துகள்களைச் சோதிக்க உதவும். வீடியோவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படியான சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. ஒர்க்ஷாப் ஒத்துழைக்க மறுத்தால், நுகர்வோர் ஆணையத்தில் புகாரைத் தாக்கல் செய்து, பாகங்களை அப்படியே பாதுகாக்கும்படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8)-இன் கீழ் இடைக்கால உத்தரவு கோரலாம்.

வண்டியின் வயதைப் பொறுத்தவரை, அது ஒர்க்ஷாப்புக்குத் தற்காப்பே ஆகாது என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும், ஓடோமீட்டர் எண்ணை ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டு) எழுதி, தெரிந்தேதான் வண்டியை ஏற்றார்கள். போல்ட்டை முறுக்கும் கடமை புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் ஒன்றே. ஆனால் இழப்பீட்டுத் தொகையை வயது குறைக்கும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் புதுப்பித்த இன்ஜின் கிடைப்பதால் வரும் ஆதாயத்தை ஆணையம் கழிக்கக்கூடும். முந்தைய ஆயில் மாற்றங்களின் பில்கள் இருந்தால் அத்தனையும் எடுத்து வையுங்கள். வண்டியைப் பராமரித்து வந்தீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்றும் கட்டாயம் கேட்பார்கள். உடனே ஓரங்கட்டினீர்கள் என்றால் அதைப் பிரமாண வாக்குமூலத்தில் சொல்லுங்கள், ஓட்டியிருந்தால் மறைக்காதீர்கள்.

நிறுத்தக் கட்டணம் கேட்டு வண்டியைப் பிடித்து வைப்பது சரியன்று. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170, உழைப்பும் திறமையும் செலுத்திச் செய்த பணிக்கான கூலி பாக்கியிருந்தால்தான் பொருளைப் பிடித்து வைக்க உரிமை தருகிறது. 4,850 ரூபாயை நீங்கள் கட்டிவிட்டீர்கள். அதன்பின் அவர்கள் எந்த வேலையும் செய்யவில்லை. ஜாப் கார்டின் பின்பக்கம் "பழைய வண்டிகளுக்குப் பொறுப்பில்லை" என்று அச்சிட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். அது தேய்மானத்தைப் பற்றிய எச்சரிக்கையே தவிர, கவனக்குறைவுக்கு அனுமதி ஆகாது.

பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் 15 நாள் கெடு வைத்து வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யலாம். நீங்கள் வேறு மாவட்டத்தில் வசித்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. ஆணையத்தின் வரம்பும் கட்டணமும் நீங்கள் செலுத்திய தொகையைப் பொறுத்தவை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. காலவரம்பு பிரிவு 69-இன்படி இரண்டு ஆண்டுகள். காரை வாடகைக்கு விட்டுத் தொழில் செய்பவராக இருந்தால், அது உங்கள் சுயதொழில் பிழைப்புக்கானது என்பதைப் புகாரிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையெனில் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று வாதிடுவார்கள்.

பரிசோதனையில் போல்ட் இறுக்கமாகவும், ஃபில்டர் பொருந்திய இடம் உலர்ந்தும் இருந்து, கிராங்கின் பின்பக்கப் பழைய ஆயில் சீல் கிழிந்துதான் ஆயில் போயிருக்கிறது என்று தெரிந்தால், ஒர்க்ஷாப் சொல்வதில் பெரும்பகுதி உண்மையாகிவிடும். அந்த நிலையில், வேலையின்போது அந்தக் கசிவு அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டுமா என்பது மட்டுமே மிஞ்சும். அதை மட்டும் நம்பி வழக்குத் தொடுக்கும்படி நான் சொல்ல மாட்டேன். பழுதுச் செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கும்படி பேசி முடித்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது.