இடியப்பமும் வேண்டும், புகையும் வேண்டாம்

31 வருடம் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கான் தண்ணீர் பற்றி, மீதி நுளம்பு பற்றி. இந்த மாதம் அதிசயமாக நான்கு கடிதங்கள் விறகடுப்புப் புகையைப் பற்றி வந்திருக்கின்றன. நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எங்களுக்கும் காலி வீதிக்கும் நடுவில் ஒரு பழைய தனி வீடு. அங்குள்ள அம்மா இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். 2022இல் கேஸ் கிடைக்காத நேரம் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு விறகடுப்பு வைத்தார். கேஸ் வந்த பிறகும் எடுக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே புகை எங்கள் படுக்கையறைக்குள் வந்துவிடுகிறது. ஆறு வயது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பின்னேரமும் அடுப்பு எரிகிறது, ஆனால் அப்போது அவ்வளவு தெரிவதில்லை. ஒருநாள் யன்னலால் சத்தம் போட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை. பொலிஸுக்குப் போகலாமா, பெயர் போடாமல் ஒரு பெட்டிசம் எழுதலாமா? ஒன்றை மறைக்கக் கூடாது: வாரத்தில் நாலு நாள் எங்கள் இரவுச் சாப்பாடு மூலைக் கடையில் வாங்கும் அவருடைய இடியப்பம்தான்.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடைசி வரியையும் எழுதினீர்களே, அதற்கு நன்றி. அதை வைத்துத்தான் என் பதில்.

முதலில் பிள்ளை. மகனைப் பார்க்கும் மருத்துவரிடம் "இரவில் இருமுகிறான்" என்று மட்டும் சொல்லாமல், விடியற்காலை விறகுப் புகை வருகிறது, இத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்லுங்கள். தொய்வைக் கிளப்பும் காரணங்களில் விறகுப் புகை முக்கியமானது. அதிலுள்ள நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேரே நுரையீரலின் அடி வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்தத் துகளுக்கு வைத்த 24 மணி நேர அளவு ஒரு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். புகைகிற அடுப்புக்குப் பக்கத்தில் அதெல்லாம் ஒரு நொடிக்குத் தாங்காது.

காலையில் மோசம், பின்னேரம் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் அந்த அம்மா அல்ல, கடல். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அப்படிக் குளிராது. அதனால் விடியற்காலையில் காற்று காலி வீதிப் பக்கமிருந்து கடலை நோக்கி மெல்லப் போகும். உங்கள் வீடு அந்த வழியில் இருக்கிறது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் புகையும் மேலே எழும்பாது. பின்னேரம் கடற்காற்று எதிர்ப்பக்கம் தள்ளும், அப்போது காலி வீதிப் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவார். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் தரைப் பக்கமிருந்தே வரும், அந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2022 டிசம்பரில் கொழும்பின் காற்று கெட்டு, 9ஆம் தேதி பாடசாலைகளையே மூடினார்களே, நினைவிருக்கிறதா?

ஆகவே இன்றிரவே செய்யக்கூடியது: மகனின் படுக்கையைக் கடற்பக்க அறைக்கு மாற்றுங்கள். மூன்றரையிலிருந்து ஏழு மணி வரை காலி வீதிப் பக்க யன்னல்களைச் சாத்துங்கள். அந்த நேரம் குசினியில் புகை உறிஞ்சும் ஃபேனைப் போடாதீர்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, வெளியே நிற்கும் புகையை வீடு சந்து பொந்தெல்லாம் வழியாக உள்ளே இழுக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி அடுப்பு. இங்கே என் மானத்தை வாங்கும் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. சரி, கொடுப்போம் என்று வரிசையில் நின்றால் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. தெஹிவளையில் எங்கள் பின் விறாந்தையில் நானும் மூன்று கல் வைத்தேன். விறகுக்கு எங்கே போவது? கழற்றி வைத்திருந்த பழைய கதவு நிலையைக் கோடரியால் பிளந்தேன், பச்சைப் பெயின்ட் அடித்த நிலை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுச் சிங்கள ரீச்சர் மகளின் வெள்ளை யூனிஃபோமை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மதிலருகே வந்தார். முழுக்கக் கரிப் புள்ளி. "மாத்தயா, இதை மூன்றாவது தரம் தோய்க்கிறேன். நீங்கள் பீ.எச்.ஐ. ஆக இருந்தவர்தானே?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், அதை எரிக்கக் கூடாது என்று நான் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறேன்! என் மனைவி அந்த வாரம் முழுக்க என்னைப் "பரிசோதகர் ஐயா" என்றுதான் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு இறப்பர் விறகு வாங்கிக் காயவைத்து எரித்தேன், ரீச்சர் வீட்டுக் கொடியில் கரி விழவில்லை. புகை என்பது எரியாமல் தப்பிப் போகும் விறகு. அப்போதுதான் வெட்டிய விறகில் எடைக்குப் பாதி தண்ணீராகவே இருக்கும். நெருப்பு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே களைத்துப்போகும், மிச்சம் வெள்ளைப் புகையாக உங்கள் யன்னலுக்கு வரும். கறுப்புப் புகை வந்தால் பொலித்தீனோ மண்ணெண்ணெயோ உள்ளே போயிருக்கிறது, இல்லாவிட்டால் அடுப்பு வாயில் விறகைத் திணித்துக் காற்றை அடைத்திருக்கிறார்கள். நன்றாக எரியும் அடுப்புக்கு மேலே காற்று நடுங்குவது மட்டும்தான் தெரியும்.

காய்ந்த விறகா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "டங்" என்னும், ஈரமானது "தொப்" என்னும். எரியும்போது நுனியில் நுரை தள்ளினால் அது பச்சை விறகு.

இப்போது அந்த அம்மாவிடம் போவது. யன்னலால் அல்ல, வாசலால். காலை பத்து மணிக்குப் போங்கள். இடியப்பம் கடைக்குப் போயிருக்கும், அவர் தேநீரோடு இருப்பார். மகனையும் கூட்டிப் போங்கள். புகாரோடு தொடங்காமல் அடுப்பைக் காட்டச் சொல்லுங்கள். "உங்களுக்குக் கண் எரிவதில்லையா அம்மா?" என்று கேளுங்கள். தினமும் ஆறு மணி நேரம் அந்தக் கொட்டிலுக்குள் குனிந்து நிற்பவர் அவர். உங்கள் மகன் குடிக்கும் புகையைப் போலப் பல மடங்கு அவர் குடிக்கிறார், அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியது மூன்று. விறகு அதே கொட்டிலின் ஓரத்தில் நிலத்தில் படாமல், மழை படாமல், காற்றுப் படும்படி அடுக்கப்பட வேண்டும், கைத்தடிப் பருமனுக்குப் பிளந்து. மூன்று கல்லுக்குப் பதில் அனகி அடுப்பு வேண்டும். 1980களில் இலங்கையில் வந்த அந்த இரட்டை வாய்க் களிமண் அடுப்புக்கு விறகு குறைவாகவே போகும், அதாவது அவருக்குச் செலவும் குறையும். மூன்றாவதுதான் உங்களுக்கு மிக முக்கியம்: மூட்டும் நேரமும் அதற்குப் பிந்திய கால் மணி நேரமும்தான் அதிகம் புகையும். நாலு மணிக்கு முதல் ஈட்டைக் கேஸில் அவித்துவிட்டு, விறகடுப்பை ஐந்தரைக்கு மேல் மூட்ட முடியுமா என்று கேளுங்கள். கேஸ் செலவில் ஒரு பங்கைத் தொடர்மாடிக்காரர்கள் போட்டால் என்ன? "நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்" என்று யாராவது கேட்பார்கள். அவர்களும் அந்த இடியப்பம் சாப்பிடுகிறவர்கள்தான்.

புகைக்கூடு வைக்கச் சொல்லிப் பலர் உங்களுக்கு ஆலோசனை சொல்லுவார்கள். அவசரப்படாதீர்கள். மாடியில்லாத வீட்டின் புகைக்கூடு கூரைக்கு மேல் மூன்றடி போனாலும் அது உங்கள் இரண்டாம் மாடி யன்னலுக்கு நேரே வந்து நிற்கும். பழைய ஊர் வீடுகளுக்குப் பொருந்தியது இங்கே பொருந்தாது.

பேசியும் ஒரு மாதத்தில் மாறாவிட்டால் எழுதுங்கள், ஆனால் மொட்டைப் பெட்டிசம் வேண்டாம். என் மேசைக்கு வந்த மொட்டைப் பெட்டிசங்களில் பாதி மதில் தகராறு, எதை நம்புவது என்று தெரியாமல் கிடப்பில் போட்டிருக்கிறேன். பெயர் போட்டு, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மகன் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று இரண்டு வாரக் குறிப்போடு மாநகர சபையின் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இணக்க சபை என்று நாம் சொல்லும் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது, சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையில்லை. பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் வரை போகவும் சட்டத்தில் வழி உண்டு. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பரிசோதகர் வந்தால் அடுப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். கிணறு, கழிவு, மா வைக்கும் இடம் எல்லாம் பார்ப்பார். அந்த அம்மாவின் பிழைப்பே நின்றுபோகலாம். ஆனாலும் பிள்ளைக்கு மூச்சு முட்டும் நிலை தொடர்ந்தால் நான் உங்களை எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் விறகுச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். எனக்கு 80 நடக்கிறது. இப்போது என் மனைவி அடுப்பு மூட்டினால் பக்கத்து வீட்டுப் பெடியன் வேண்டுமென்றே இருமிக் காட்டுகிறான். இது புது நோயா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, ஊரில் நாலு பரப்புக் காணியின் கோடியில் குசினி தனியாக நின்றது. புகை வேலிக்குப் போய்ச் சேருமுன் கரைந்துவிடும். கொட்டாஞ்சேனையில் உங்கள் அடுப்புக்கும் அந்தப் பெடியனின் தலையணைக்கும் நடுவில் ஒரு கல் சுவர்தான் இருக்கும்.

விறகு இன்றும் நம் நாட்டின் பெரிய எரிபொருள்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தன. அதற்காக அது தீங்கில்லாதது ஆகிவிடாது. வீட்டுக்குள் நிற்கும் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. என் அம்மா வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. ஊதுகுழலோடு நாற்பது வருடம் இருந்தவர், கடைசிப் பத்து வருடம் படுத்தபடி தூங்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். நீங்கள் 80 வரை வந்தது சந்தோஷம். வராமல் போனவர்கள் கடிதம் எழுதுவதில்லை. அப்புறம், அத்தனை வருடமும் அடுப்பை ஊதியது யார், நீங்களா, உங்கள் மனைவியா?

கேள்வி: இலண்டனில் இருக்கும் என் மகள், பக்கத்து வீட்டு விறகடுப்புப் புகையால் யன்னல் திறக்க முடியவில்லை என்கிறாள். அங்கேயுமா விறகு?
வாசகி, வத்தளை

பதில்: அங்கே அது சமையலுக்கு அல்ல, வரவேற்பறையில் குளிர் காய வைக்கும் இரும்படுப்பு. கொஞ்சம் அழகுக்கும். இந்த விஷயத்தில் அந்த நாடு அடிபட்டுப் படித்தது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து இலண்டனில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இலண்டனின் பெரும்பகுதி இன்று புகைக் கட்டுப்பாட்டுப் பிரதேசம். அங்கே புகைபோக்கியால் புகை விட்டால் உள்ளூராட்சி சபை 175 முதல் 300 பவுண்ட் வரை தண்டம் விதிக்கலாம். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே மகள் முறையிட வேண்டிய இடம் அவளுடைய கவுன்சில், தேதியும் நேரமும் படமும் சேர்த்து. முதலில் அவளும் வாசலால் போய்ப் பேசட்டும்.

கேள்வி: அடுப்பு மூட்ட ஷொப்பிங் பை ஒன்று போதும், சீக்கிரம் பிடிக்கிறது. ஒன்றுதானே, பிழையா?
வாசகர், மட்டக்குளி

பதில்: பிழை. அந்த ஒரு பையின் புகை அடுப்பில் இருக்கும் சோற்றுக்கும் ஊதுபவரின் நெஞ்சுக்கும்தான் முதலில் போகும். பி.வி.சி. குழாய்த் துண்டு, வயர் உறை என்றால் இன்னும் மோசம். நஞ்சு வாயுவோடு டயொக்சின் என்ற கொடிய நச்சுப் பொருளும் வரும். மூட்டுவதற்குப் பன்னாடை, காய்ந்த பாளை, சிரட்டைத் துண்டு போதும். கொழும்பிலும் தேங்காய் துருவாத வீடு இல்லையே. பொச்சுமட்டையைத் தொடாதீர்கள், அது கனன்று புகைவதற்கென்றே பிறந்தது, நுளம்புக்குப் போடலாம். அதையும் பக்கத்து வீட்டு யன்னல் பக்கம் வைக்காமல்.