கேளுங்கள், சொல்கிறேன்: கூரைக்குள் அலையடிக்கும் ஊர்

கேள்வி (மதுரை வாசகி): ஜனவரியில் கனடாவின் எட்மன்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்குள்ள பெரிய மாலில் ஒரு நாள் முழுக்க இருக்கலாம் என்கிறான். எனக்கு வயது 62, முழங்கால் வலி வேறு. கடைகளைப் பார்க்க ஒரு நாளா?

பதில்: வெஸ்ட் எட்மன்டன் மாலுக்குக் கிளம்பும்போது என் தங்கை மகளிடம் நானும் இதைத்தான் கேட்டேன். அன்று வெளியே மைனஸ் 27 டிகிரி. காரிலிருந்து வாசலை எட்டுவதற்குள் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செயற்கை அலைகளில் நீச்சல் உடையோடு ஜனங்கள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்! அந்த நீர்ப் பூங்கா 1986-லேயே வந்துவிட்டது. ஆறு மாதம் பனி கிடக்கும் ஊருக்கு அதுதான் மெரினா.

கடைகள் 800-க்கு மேல். நான் வாங்கியது ஒரு ஜோடி காலுறை. பனிச்சறுக்குத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவள் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தொப்பென்று விழுந்து, அழலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்க்கும் குழந்தைகளை விட்டுவிட்டு யார் கடைக்குப் போவார்கள்? கொலம்பஸின் சாண்டா மரியா கப்பலைப் போலவே செய்து, உள்ளே ஒரு குளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதையும் உட்கார்ந்தே பார்க்கலாம்.

குளிருக்குப் போட்ட கோட்டு உள்ளே போனதும் கைக்குழந்தை ஆகிவிடும். மகனிடம் கொடுத்துவிடுங்கள், கூப்பிட்டவன் அவன்தானே. வாசல்களுக்கு எண் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் வேறு வாசலில் வெளியே வந்து, காரைத் தேடிப் பனியில் நடந்தேன். அந்தப் பத்து நிமிடம் என் முழங்கால் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கேள்வி (கோவை வாசகர்): அந்த மாலில் நீர்மூழ்கிக் கப்பல் ஓடியதாமே, கதையா?

பதில்: நிஜம்தான். ஒன்றல்ல, நான்கு. அப்போது கனடா கடற்படையிடம் இருந்தவை மூன்று! இப்போது மாலில் அவை ஓடுவதில்லை. 1981-ல் இந்த மாலைத் திறந்தவர்கள் ஈரானிலிருந்து வந்து தரைவிரிப்பு விற்ற கெர்மேசியன் குடும்பத்தினர். கம்பளம் விரித்த கை சும்மா இருக்குமா? 1992-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறந்த மால் ஆஃப் அமெரிக்காவும் அவர்கள் கைவண்ணம்தான். அதன் நடுவிலும் ராட்டினங்கள் சுற்றுகின்றன.

கேள்வி (சேலம் வாசகர்): ரோலர் கோஸ்டரில் ஏறினீர்களா?

பதில்: அங்கே பேர்போன மைண்ட்பெண்டர் 2023-ல் நிறுத்தப்பட்டுவிட்டது, நான் போனது அதற்குப் பிறகு. 1986-ல் அதன் கடைசிப் பெட்டி தடம்புரண்டு மூன்று பேர் இறந்தார்கள். பின்னர் பெட்டிகளைக் குறைத்து, இருக்கைப் பிடிமானத்தை மாற்றித்தான் மறுபடி ஓட்டினார்கள். மற்றவற்றிலும் நான் ஏறவில்லை. ஏறியவர்களின் நான்கு பைகள், இரண்டு மூக்குக்கண்ணாடி, தங்கை கணவரின் பல்செட் எல்லாவற்றுக்கும் காவலாகக் கீழே நின்றேன்.